யமுனா போன ரெக்கி

பாதி மீசை, ஒரு காது, காதில் செருகிய பேனா, அவ்வளவுதான் தெரிகிறது டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் அந்த நீளக் கண்ணாடியில், பேருந்து பள்ளத்தில் இறங்கினால் மீசை மேலே ஏறிக்கொள்கிறது, மேட்டில் ஏறினால் காது மட்டும் மிஞ்சுகிறது, யமுனா கழுத்தை லேசாகச் சாய்க்கிறாள், ஆஹா, மூக்கும் கிடைத்துவிட்டது, நல்ல மூக்குதான், குறை சொல்ல முடியாது, ஆனால் மூக்கைப் பார்க்கவா அவள் சனிக்கிழமையும் அதுவுமாய்த் தலைக்குக் குளித்து, வெளிர்நீலச் சேலையை எடுத்துக் கட்டி, வேலூரிலிருந்து ஒடுகத்தூர் போகும் இந்தப் பச்சை வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், மூக்கும் மீசையும் போட்டோவிலேயே தெரிந்துவிடும், அதனால்தான் அவள் போட்டோவே வேண்டாம் என்றாள், ராணிப்பேட்டை அத்தை உறையில் போட்டு நீட்டியபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், ஒருவாட்டி போட்டோவப் பாத்து ஏமாந்தது போதும் அத்தே, அந்த ஆளு எந்த வண்டியில கண்டக்டரு, அத மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன் என்றாள், அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள், அடிப் பாவி, கட்டிக்கப் போறவன வேவு பாக்கப் போறியா, நீ இன்னா சிஐடியா என்றாள், சிஐடி இல்ல கோமளா, ரெக்கி என்று உள்ளேயிருந்து நைனா குரல் கொடுத்தார்.

நைனா என்று அவள் கூப்பிடுவது அப்பாவை, ஓய்வுபெற்ற ஹவில்தார் கன்னியப்பனை, பட்டாளத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் பட்டாளம் அவரை விட்டு வரவில்லை, அதிலும் அந்த ஒரு சொல் இருக்கிறதே, ரெக்கி, அது அவர் பெட்டியில் கம்பளியோடும் மெடலோடும் சேர்ந்து வந்து இறங்கி வீட்டையே பிடித்துக்கொண்டது, நாளைக்கு ரயில் என்றால் இன்றைக்கே காட்பாடிக்குப் போய் எந்தப் பெட்டி எந்தத் தூணுக்கு நேராக வந்து நிற்கும் என்று பார்த்துவிட்டு வருவார், யமுனாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றால் முதல் நாளே போய் வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்து, அவள் உட்காரப்போகும் பெஞ்சு ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்ப்பார், ஆடினது, காலடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு வந்தார், மறுநாள் கணக்குப் பரீட்சையில் மற்ற பிள்ளைகளெல்லாம் பெஞ்சோடு சேர்ந்து ஆட, அவள் மட்டும் அம்மன் சிலை மாதிரி உட்கார்ந்து எழுதினாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிப்டில் மூன்று முறை ஏறி இறங்கினவர் அவர், கேட்டால், ஆபீசர் சொன்னா சண்டைக்கு ரெக்கி போறோம், உங்கம்மாவுக்காக ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதா என்பார், அந்தத் தெருவே வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற தெரு, எல்லா வீட்டுப் பெண்களும் தக்காளி என்ன விலை என்று பார்க்கப் போனாலும் ரெக்கி என்றுதான் சொல்வார்கள், அதை ஒரு இங்கிலீஷ் சொல் என்றே யமுனாவுக்கு வெகுநாள் தெரியாது, சுண்டைக்காய் மாதிரி, முறம் மாதிரி, நம் வீட்டுச் சொல் என்றுதான் நினைத்திருந்தாள்.

இங்கிலீஷ் டீச்சராகிப் பாடம் நடத்தப் போன பிறகல்லவா அதன் ஜாதகம் தெரிந்தது, ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட், பிள்ளைகள் தூங்கி விழுகிற நேரம், பாடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பிக்னிக் போக இடம் பார்க்க ரெக்கி போகிறது, அவள் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டாள், எங்க நைனா சொல்லாச்சே இது, இங்கே எப்படி வந்தது என்று, அப்புறம் அகராதியைப் புரட்டினால், ரெகானசான்ஸ் என்று ஒரு முழநீளச் சொல், பிரெஞ்சுக்காரன் வீட்டிலிருந்து வந்தது, சிப்பாய்கள் வாயில் நுழையாமல் வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள், எதிரி எங்கே இருக்கிறான் என்று தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருவது, அதே சொல்லை எடுத்துக்கொண்டு ஊரிலிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஓட்டல் நல்ல ஓட்டலா என்று பார்க்கப் போகிறார்கள், கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறார்கள், சினிமாக்காரர்கள் அருவியைத் தேடிப் போகிறார்கள், அங்கே சுடுவதற்கு, இங்கே சாப்பிடுவதற்கு, பாருங்க பசங்களா, ஒரு சொல்லு துப்பாக்கியக் கீழ வெச்சிட்டு ஊருக்குள்ள வந்து குடும்பம் நடத்துது என்று சொன்னாள், சொன்னபோது அவளுக்கே சிலிர்த்தது, பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும், அன்றைக்குப் பிடித்தது, மிஸ், இன்னிக்குச் சத்துணவுல முட்ட கீதானு ரெக்கி போய்ட்டு வரட்டா, மிஸ், எச்செம் ரூம்ல கீறாரானு ரெக்கி, தலைமையாசிரியர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, அது இன்னாமா புதுசா ஒரு நோய் பரவுது உங்க கிளாஸ்ல என்று கேட்டார்.

டிக்கெட், டிக்கெட், உள்ள போ, உள்ள போ, எவ்ளோ எடம் கீது பாரு, கபடியே ஆடலாம் என்று சொல்லிக்கொண்டே மீசை கண்ணாடியைவிட்டு வெளியே வந்து முழு ஆளாக அவள் பக்கத்தில் நிற்கிறது, எங்கமா போவணும், ஒடுகத்தூர், ஒடுகத்தூர்ல யாரு வீட்டுக்கு, சும்மா, சும்மாவா, சும்மா ஒடுகத்தூருக்கு வர்ற மொத ஆளு நீங்கதாம்மா, எங்க ஊருக்கு ராசி வந்துடுச்சு போல என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், பக்கத்தில் கொய்யாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள், இவன் இப்பிடித்தான், வாய் ஓயாது என்றாள், அந்த ஒரு வார்த்தை யமுனாவின் காதில் தேனாகப் பாய்ந்தது, வாய் ஓயாதா, நிஜமாகவா, இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏனென்றால் அவளை முதலில் கட்டிக்கொண்ட செய்யாற்றுக்காரன் பேசமாட்டான். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறொருத்தி என்று யாரும் இல்லை, பேசமாட்டான், சாம்பாரில் உப்பு கூடினால் பேச்சை நிறுத்திவிடுவான், நாள்கணக்கில், வாரக்கணக்கில், அவள் போய் எதிரில் நின்று, இன்னாங்க, இன்னா தப்பு பண்ணேன், திட்டிடுங்களேன் என்று அழுதால், அவளைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பான், காலண்டரைப் பார்ப்பான், நாற்காலிகூட இழுத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், அவன் போடமாட்டான், கொஞ்ச நாளில் அவளே தன் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள், யமுனா, யமுனா என்று, சமையலறையில், குக்கர் விசில் வரும்போது, யாருக்கும் கேட்காமல். அந்தச் சம்பந்தத்துக்கும் நைனா ரெக்கி போகாமலா இருந்தார், போனார், மஞ்சள் பையோடு ஆட்டு வியாபாரி மாதிரிப் போய் ஒருநாள் முழுக்க அந்தத் தெருவில் திரிந்துவிட்டு வந்து, ரிப்போர்ட் குடுத்தார், மூணு ரூமு, கிணத்துல கோடையிலயும் தண்ணி நிக்குது, ஆம்புலன்ஸு திரும்புற அளவுக்குத் தெரு, ஆஸ்பத்திரி பக்கம், பின்பக்கம் ஒரு வழி, முன்பக்கம் ஒரு வழி, பொசிஷன் அருமையா கீதும்மா, மாப்பிள்ள எப்பிடி நைனா என்று கேட்டாள், நைனா கொஞ்சம் யோசித்து, ஒசரம்தான் என்றார்.

அவள் பெட்டியோடு திரும்பி வந்த அன்று மதியம் மழை கொட்டுகிறது, நைனா வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், பெட்டியை வாங்கவும் தெரியவில்லை, வா என்று சொல்லவும் தெரியவில்லை, உள்ளே வந்து ஈரத்தோடு உட்கார்ந்த பிறகு, இத்தனை வருஷமாக அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார், பனி மலையில், எந்த மலை என்று சொல்லமாட்டார், பைனாகுலரை வைத்துக்கொண்டு பாறை இடுக்கில் படுத்திருந்தாராம், எதிர்ப்பக்கம் எத்தனை பங்கர், ஓடை எங்கே, ஏற வழி எங்கே, பார்த்து வந்து படம் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் உத்தரவு, அப்போது ஒருத்தன் வெளியே வந்தான், சின்னப் பையன், நனைந்த காலுறையைப் பாறைமேல் காயப்போட்டான், கையை ஊதிக்கொண்டான், எதையோ நினைத்துக்கொண்டு தன்னந்தனியாகச் சிரித்தான், அவன் சிரிச்சத நான் பாத்துட்டேம்மா, திரும்பி வந்து படம் போட உக்காந்தா கை வரல, அந்தப் பாறைய எங்க போடறதுனு தெரியல, போட்டா அங்கதான குண்டு உழும், சுபேதார் கன்னத்துல விட்டாரு, போட்டேன், அதுக்கப்புறம் எங்க ரெக்கி போனாலும் நான் ஆளப் பாக்கறதில்ல, எடத்த மட்டும்தான் பாக்கறது, பழகிப்போச்சு, உம் மாப்பிள்ளையையும் பாக்காம வந்துட்டேன், தப்புதான் என்று சொல்லிவிட்டு அந்தக் கிழட்டுச் சிப்பாய் குழந்தை மாதிரி அழுதார், அவளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது, அப்பனும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார்கள்.

அதனால்தான் இந்தத் தடவை அவளே வந்திருக்கிறாள், இடத்தைப் பார்க்க இல்லை, ஆளைப் பார்க்க, தணிகாசலம் என்று பேர், மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனக்குக் கட்டிக்கொள்ள மறந்துபோனவர், அம்மாவோடு ஒடுகத்தூரில் வீடு, இந்தப் பச்சை வண்டியில் காலை நடைக்குக் கண்டக்டர், இவ்வளவுதான் அத்தை கொடுத்த தகவல், இன்று சாயங்காலத்துக்குள் சரி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சரி என்று சொல்லி அவனும் சுவரைப் பார்க்கிறவனாக இருந்துவிட்டால், மறுபடி குக்கர் விசிலோடு தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், இல்லை என்று சொல்லிவிட்டால் இனிமேல் யாரையுமே பார்க்கத் தைரியம் வராது, அதுவும் தெரியும், அவள் மனசு அவளுக்குத் தெரியாதா. நைனா சும்மா இருப்பாரா, நேற்றே ஒருமுறை இதே வண்டியில் போய்வந்து, இடப்பக்கம் மூணாவது வரிச, ஜன்னலோரம், அங்க உக்காந்தா கண்ணாடியில கண்டக்டரு தெரிவான், உன்ன அவனுக்குத் தெரியாது, அணைக்கட்டு தாண்டிக் கூட்டம் கொறையும், அப்பப் பாரு என்று இடத்தைத் தேர்ந்து கொடுத்தார், ஆளு எப்பிடி நைனா என்று கேட்டால், ஆளப் பாக்கறது உன் டூட்டி என்று கையை விரித்துவிட்டார்.

பார்க்கிறாள், கண் கொட்டாமல் பார்க்கிறாள், அடேயப்பா, அந்த ஆளுக்குத்தான் எத்தனை பேச்சு, பெரியவரே, காலத் தூக்கி வெய்யி, அவசரமே இல்ல, டிரைவரு இன்னும் டீயே குடிக்கல, ஏம்மே, புள்ளைக்குக் குல்லா மாட்டு, காத்து அடிக்குது, இன்னா பாய், மவளுக்குக் கொழந்த பொறந்துதா, அதுக்குள்ள நடக்குதா, விட்டா டிக்கெட் கேக்கும்போல கீதே, வண்டி முழுக்க அவர் வாயால்தான் ஓடுகிறது, டீசல் சும்மா பேருக்கு, யமுனாவுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, சிரிப்பு வருகிறது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள், வேப்பமரங்களும் செங்கல் சூளைகளும் ஓடுகின்றன, ஆனால் சிரிப்பில் மயங்கிவிடக் கூடாது, சிரிக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான், கோபம் வரவேண்டும், கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் இறங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், யாராவது அந்த ஆளுக்கு ஒரு கோபத்தை உண்டாக்குங்களேன் என்று வண்டியிலிருக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.

வந்தது, அணைக்கட்டில் வந்தது, கல்லூரிப் பையன் ஒருத்தன் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, உள்ளே வாடா என்றால் வராமல், வண்டி வளைவில் திரும்பும்போது கை நழுவி, ஐயோ என்று கொய்யாக்கூடை அம்மாள் கத்த, கண்டக்டர் ஒரே எட்டில் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார், இழுத்த வேகத்தில் இருவரும் கீழே விழுந்தார்கள், எழுந்தார், முகம் கறுத்துவிட்டது, இப்போது, இப்போதுதான் என்று யமுனா முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அறிவு கீதாடா உனுக்கு, உங்கம்மா இன்னாத்துக்கு உன்னப் பெத்தா, ரோட்ல ஈஷறதுக்கா, செத்தா உனுக்கு ஒண்ணும் இல்ல, நான்தான் காலம் பூரா தூங்க மாட்டேன் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார் பாருங்கள், பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், ஒரு நிறுத்தம் போனது, இன்னொரு நிறுத்தம் போனது, கண்டக்டர் பேசவில்லை, போச்சு, இவனும் அப்படித்தானா என்று யமுனா ஜன்னல் பக்கம் திரும்பும்போதே அவர் திரும்பி, டேய், கால்ல அடி பட்டுச்சா, காட்டு, சாப்ட்டியா, சாப்டாமத்தான் மயக்கத்துல தொங்கினு வரியா, உக்காரு அப்பிடி என்று தன் இடத்தையே காட்டினார், கொய்யாக்கூடையிலிருந்து ஒன்றை உரிமையாக எடுத்து அவன் கையில் வைத்தார்.

அவ்வளவுதான், யமுனாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபம் வந்தால் திட்டுகிறவர், திட்டி முடித்தால் சாப்பிட்டியா என்று கேட்கிறவர், இதைத்தானே அவள் தேடினாள், வேறென்ன கேட்டாள், பொன்னா, பொருளா, கைப்பையைத் துழாவி போனை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நைனா, நைனா, கேக்குதா, புடிச்சிருக்கு என்று கிசுகிசுத்தாள், இன்னாமா, காத்து சத்தம், திரும்பச் சொல்லு என்றார் அந்தப் பக்கம், புடிச்சிருக்கு நைனா, ரொம்பப் புடிச்சிருக்கு, அவங்ககிட்டச் சொல்லிடுங்க என்று இந்தத் தடவை கிசுகிசுப்பெல்லாம் போய் வண்டிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள், மெசேஜ் ரிசீவ்டு என்று நைனா பட்டாளக் குரலில் சொன்னார், ஆனால் குரல் உடைந்திருந்தது. கொய்யா அம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், யமுனாவுக்கு வெட்கமாக இல்லை, பதினாறு வயசில் வராத படபடப்பு முப்பத்தாறில் வருகிறது, வரட்டும், வந்தால் என்ன.

ஒடுகத்தூருக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு நின்றிருக்கிறாள், இடுப்பில் ஒரு குழந்தை, வண்டி நின்றதும் கண்டக்டர் குதித்திறங்கிப் பையை வாங்குகிறார், குழந்தையை வாங்கி மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், தங்கைபோலிருக்கிறது, மூன்று தங்கைகளில் ஒருத்தி, பாவம், பாசமான அண்ணன் என்று யமுனா உருகிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை அவர் மீசையைப் பிடித்திழுத்து, ப்பா, ப்பா என்றது. ப்பாவா. இன்னொரு தரம் கேட்டது, ப்பாவேதான், யமுனாவுக்குத் தலை சுற்றியது, அப்புறம் அந்தச் சுற்றல் அப்படியே கோபமாக மாறி உச்சந்தலைக்கு ஏறியது, இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார்களே, அத்தையையும் ஏமாற்றி, நைனாவையும் ஏமாற்றி, இன்னொரு தடவையா, இன்னொரு தடவையும் ஏமாற யமுனாதானா கிடைத்தாள், எழுந்துவிட்டாள், எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, படிக்கட்டில் நின்றுகொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்குகிற குரலில், நீங்க தணிகாசலம்தான, இந்தக் கொழந்த யாரு, இவங்க யாரு, எத்தினி பேர ஏமாத்தலாம்னு கெளம்பிருக்கீங்க என்று கேட்டாள், குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தது, அந்தப் பெண் புருஷனையும் யமுனாவையும் மாறிமாறிப் பார்த்தாள், கண்டக்டர் குழந்தையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

தணிகாசலமா, நான் தயாளன்மா என்றார் கடைசியில், தணிகாசலத்துக்கு மெட்ராஸ் ஐ, ரெண்டு கண்ணும் தக்காளியாட்டம் கீது, நாலு நாளா அவன் டூட்டியும் நான்தான் பாக்கறேன், இன்னாமா ஆச்சு, அவன் இன்னா பண்ணான். யமுனா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நேற்று இதே வண்டியில் வந்த நைனா சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், உன் பேர் என்னப்பா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி, அவர் இடத்தைப் பார்த்து ஆளை விட்டார், இவள் ஆளையே பார்த்துப் பேரை விட்டாளே, நைனா மகள் என்று நிரூபித்துவிட்டாளே. கொய்யா அம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டாள், ஐயையோ, தணிகாசலத்துக்குப் பாத்துனு கீற பொண்ணு நீதானா, டீச்சரம்மா, வேலூர்க்காரி, அவங்கம்மா சொல்லிச்சே, இவனப் பாத்துத்தான் புடிச்சிருக்குனு போன்ல கத்துனியா என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தாள், வண்டியே சிரித்தது, தயாளன் மனைவிகூடக் குழந்தையைத் தட்டிக்கொண்டே, வேணும்னா வெச்சிக்கக்கா, வீட்ல ஒரு வேல செய்ய மாட்டாரு என்றாள், யமுனாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது, அதே சமயம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு அவளைக் கேட்காமலே கிளம்பி வந்து, அவளும் சிரித்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது, நைனா, நைனா போன் பண்ணியிருப்பாரே, போட்டாள், பிஸி, மறுபடி போட்டாள், பிஸி, போச்சு, பட்டாளத்துக்காரர் உத்தரவு வாங்கினால் தாமதிப்பாரா, இந்நேரம் வாக்கு கொடுத்தாகிவிட்டது, பார்க்காத ஒருத்தனுக்கு, மறுபடியும், ஒரு வார்த்தை பேசிப் பார்க்காத ஒருத்தனுக்கு. எங்க எறக்கணும்மா, பஸ் ஸ்டாண்டுல உட்டு ரிட்டர்ன்ல கூட்டினு போவட்டா என்று தயாளன் தணிந்த குரலில் கேட்டார், அவர் வீடு எங்க என்றாள் யமுனா, யார் வீடு, தணிகாசலம் வீடு என்றாள், சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. டிரைவர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார், ஊருக்குள் நுழைந்ததும் நிறுத்தமே இல்லாத ஒரு தெருமுனையில் நிறுத்தி, ஹாரனை நீளமாக அடித்து, அதோ, பச்ச கேட்டு என்று கையைக் காட்டினார், கொய்யா அம்மாள் இரண்டு பழத்தை எடுத்து அவள் பைக்குள் திணித்தாள், ஜன்னலுக்கு ஒரு தலையாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யமுனா இறங்கி நடந்தாள், எந்தப் பக்கம் வழி, எந்தப் பக்கம் தப்பிக்கிற வழி என்று யாரும் பார்த்து வைக்காத தெருவில் அவள் நடப்பது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கட்டம் போட்ட கைலி, பனியன், தோளில் ஈரத் துண்டு, தலை கலைந்திருந்தது, யாரு என்றார், நான் யமுனா, வேலூர்லேர்ந்து என்றாள், அவ்வளவுதான், பாம்பை மிதித்தவர் மாதிரி இரண்டடி பின்னால் போய், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, அங்கியே நில்லுங்க, கிட்ட வராதீங்க, என்னப் பாக்காதீங்க, மெட்ராஸ் ஐ, ஒட்டிக்கும் என்றார், பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தாள், வாசலிலேயே நின்றாள், அவர் பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பார்த்தபடி பேசினார், சுவரைப் பார்த்தபடி, ஐயோ, இவரும் சுவரையா என்று அவள் கை தன்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டது. இப்பத்தான் உங்க நைனா போன் பண்ணாரு, அம்மா சக்கர வாங்க ஓடிருக்காங்க, பொண்ணு என்னப் பாத்துச்சாம், ரொம்பப் புடிச்சிருக்காம்னு சொன்னாரு, எனுக்கு சந்தோஷம்தான், ஆனா நாலு நாளா நான் இந்த வாசப்படியத் தாண்டல, எங்கப் பாத்தீங்க, எப்பிடிப் பாத்தீங்கனு அதான் ரோசன பண்ணிகினு கீறேன் என்றார். போட்டோவில் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும், மானமும் மிஞ்சும், சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது, வாழ்க்கையையே அந்தப் பொய்மேல் உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை, உங்களப் பாக்கல என்றாள், உங்க வண்டியில வந்தேன், உங்களுக்குத் தெரியாம உங்களப் பாக்கணும்னு, வேற ஒருத்தரப் பாத்துட்டேன், அவரப் பாத்துத்தான் புடிச்சிருக்குனு சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், அவர் பேசவில்லை, இந்த மௌனம் அவளுக்குத் தெரியும், இதனோடு அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், சாம்பாரில் உப்பு கூடிய வீட்டின் மௌனம், திரும்பிவிடலாம், வண்டி இன்னும் முனையில்தான் நிற்கிறது, ஓடினால் பிடித்துவிடலாம் என்று ஒரு காலைத் திருப்பியும்விட்டாள், அப்போதுதான் கவனித்தாள், துண்டுக்குப் பின்னால் அவர் தோள் குலுங்குகிறது, அழுகிறாரோ என்று பயந்துபோனாள், அழவில்லை, சிரிக்கிறார், சத்தமே வராமல், மூச்சு முட்டச் சிரிக்கிறார், யாரு, தயாளனையா என்றார், அவனையா பாத்தீங்க, அப்ப சரிதான், எல்லாருக்கும் அவனத்தான் புடிக்கும், எனக்கே அவனத்தான் புடிக்கும், அப்புறம் சிரிப்பு அடங்கித் துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, அவன மாதிரி எனக்குப் பேச வராதுங்க, ஆனா கேட்டா பதில் சொல்லுவேன் என்றார்.

கேட்டால் பதில் சொல்வாராம், யமுனா அந்த வாக்கியத்தை அப்படியே கையில் வாங்கிக்கொண்டவள் மாதிரி நின்றாள், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், கண்ணாடியக் கழட்டுங்க என்றாள், வேணாங்க, சொன்னாக் கேளுங்க, ஒட்டிக்கும் என்றார், ஒட்டிக்கட்டும் என்றாள், அவர் துண்டை இறக்கினார், கண்ணாடியைக் கழற்றினார், இமை வீங்கி, பீளை கட்டி, செக்கச் செவேல் என்று நீர் வடிந்துகொண்டிருந்த இரண்டு கண்கள், கூசக் கூசச் சுவரைவிட்டுத் திரும்பி நேராக அவளைப் பார்த்தன, கைப்பைக்குள் போன் அடித்தது, எடுத்தாள், எங்கம்மா கீற, வண்டி கெளம்பற நேரமாச்சே, ரிட்டர்ன்ல அதே சீட்டு கெடச்சிதா என்று நைனா பதறிக்கொண்டிருந்தார், போன வை நைனா என்றாள் யமுனா, கண்ணை எடுக்காமல், இப்பத்தான் பாத்துனு கீறேன்.